கிடார் வாசிக்கவே தெரியாதவர் கிடாரிஸ்ட் ஆனது எப்படி? கன் கிளப் கதை

1979, லாஸ் ஏஞ்சல்ஸ். ஒரு கச்சேரிக்கு வரிசையில் நிற்கும்போது பேச்சு கொடுத்த ஒருவரை, அவருக்கு கிடார் வாசிக்கவே தெரியாது என்று தெரிந்தும், தன் பேண்டுக்கு கிடாரிஸ்ட்டாகக் கூப்பிட்டார் ஜெஃப்ரி லீ பியர்ஸ். வந்தவர் பிற்பாடு கிட் காங்கோ பவர்ஸ் என்று பெயர் வாங்கினார். பியர்ஸ் ப்ளாண்டி என்ற ராக் பேண்டின் ரசிகர் மன்றத் தலைவர், கிட் காங்கோ ரமோன்ஸ் என்ற பங்க் ராக் பேண்டின் ரசிகர் மன்றத் தலைவர். ரெண்டு ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய, பங்க்கையும் ப்ளூஸையும் கலந்த பேண்டுதான் கன் கிளப்!

பேண்டுக்குப் பெயர் கொடுத்தது சர்க்கிள் ஜெர்க்ஸ் என்ற பங்க் பேண்டின் பாடகர் கீத் மாரிஸ். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாசிக்கத் தெரியாதவர் எப்படி மேடை ஏறினார்?

(கிடாரை எடுத்து) இதைக் கேளுங்கள். வழக்கமான ட்யூனிங்கில் எதையும் அழுத்தாமல் ஆறு கம்பிகளையும் மீட்டினால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இப்போது மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி ஐந்தாவது, நான்காவது கம்பிகளின் சுருதியை ரெண்டு ஃப்ரெட் (கிடார் கழுத்தில் இருக்கும் குறுக்குக் கட்டை) அளவுக்கு ஏற்றுகிறேன், மூன்றாவதை ஒரே ஒரு ஃப்ரெட் அளவுக்கு. மறுபடி மீட்டுகிறேன். இடது கை சும்மாதான் இருக்கிறது, ஆனால் முழு கார்ட், அதாவது ஒத்துப்போகும் சுரங்களின் கூட்டொலி, வந்துவிட்டது! இதற்குப் பெயர் ஓபன் ஈ. விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பிகள் மேல் இழுத்தால் அந்தக் கார்ட் குழைந்து, அழுதுகொண்டே மேலே ஏறும். கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை மிசிசிப்பி கலைஞர்கள் காலம் காலமாக வாசித்தது இப்படித்தான், பியர்ஸ் தன் நண்பருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த ஓபன் ட்யூனிங்தான். மூன்று கார்ட் போதும் என்றது பங்க், அதைக்கூடப் பிடிக்க வராதவருக்கும் வழி வைத்திருந்தது ப்ளூஸ். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கிறது. வீட்டில் கிடார் சும்மா கிடந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள், எப்படி வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.

1981-ல் முதல் ஆல்பம் 'ஃபயர் ஆஃப் லவ்' வருவதற்குள் கிட் காங்கோ 'தி கிராம்ப்ஸ்' என்ற வேறொரு பேண்டு பக்கம் போய்விட்டார், அதனால் அதில் வார்ட் டாட்சன் கிடார். ஒரு பாட்டின் வரியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் வருகிறது. அவர்களிடம் கற்ற இசையில் அந்தச் சொல்லா? அந்த ஆல்பத்தை எவ்வளவு நேசித்தாலும் எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

அடுத்தது 1982-ல் 'மயாமி'. தயாரித்தவர் ப்ளாண்டியின் கிறிஸ் ஸ்டைன். பின்னணிக் குரல் யார் தெரியுமா? ப்ளாண்டியின் பாடகி டெபி ஹாரி! யாருக்காக மன்றம் நடத்தினாரோ, அவரே பியர்ஸின் பாட்டுக்குப் பின்னணி பாடியிருக்கிறார். இதைவிட ஒரு ரசிகனுக்கு என்ன வேண்டும்?

அப்புறம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், கிட் காங்கோவும் திரும்பி வந்தார். 1996 மார்ச் 31 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு பியர்ஸ் இறந்தார். வயது 37 தான்.

மிசிசிப்பி ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவு செய்த 'ப்ரீச்சிங் ப்ளூஸ்' பாட்டை முதல் ஆல்பத்தில் இவர்கள் தலைதெறிக்கிற வேகத்தில் வாசித்திருக்கிறார்கள். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், முதலில் ஜான்சன்.