சர்வே தரவுக்குக் குறுக்கு அட்டவணை: எந்த இலவச மென்பொருள்?

[திரையில்: வரிசைக்கு ஒரு ஆள், பத்திக்கு ஒரு கேள்வி]

சர்வே முடிந்து தரவு கைக்கு வந்துவிட்டது. ஆண்கள் என்ன சொன்னார்கள், பெண்கள் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் காட்டும் குறுக்கு அட்டவணை வேண்டும். இதற்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

எண்ணிக்கையும் சதவீதமும் மட்டும் போதுமென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாளே போதும். டேட்டா மெனுவில் பிவட் டேபிள். பாலினத்தை வரிசைக்கும், பதிலைப் பத்திக்கும், ஆள் எண்ணை நடுவிலும் இழுத்துப் போடுங்கள். நடுவில் போட்டதை அது கூட்டித் தொலைக்கும். அதன்மேல் இருமுறை சொடுக்கி, 'சம்' என்பதைக் 'கவுன்ட்' ஆக்குங்கள். 'ஆம்' என்ற பத்தி இரண்டு தடவை வந்தால், ஒன்றின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. ட்ரிம் சார்பு அதை நீக்கிவிடும்.

வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்க வேண்டுமா? பிஎஸ்பிபி, ஜமோவி என்ற இரண்டு மென்பொருளும் இலவசம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஜமோவி எளிது. தெரிவுகளை மாற்றினால் அட்டவணை உடனே மாறும். எஸ்பிஎஸ்எஸ் பழகியவருக்குப் பிஎஸ்பிபி. தோற்றமும் கட்டளைகளும் கிட்டத்தட்ட அதேதான், எஸ்பிஎஸ்எஸ் சேமிக்கும் சாவ் (.sav) கோப்பும் அப்படியே திறக்கும்.

[திரையில்: பிஎஸ்பிபி, அனலைஸ், டிஸ்கிரிப்டிவ் ஸ்டாடிஸ்டிக்ஸ், கிராஸ்டாப்ஸ்]

கிராஸ்டாப்ஸ்தான் குறுக்கு அட்டவணை. அதற்குமுன் வேரியபிள் வியூவுக்குப் போங்கள். 'பதில் இல்லை' என்பதை 99 என்று பதிந்திருந்தால், மிஸ்ஸிங் பத்தியில் 99-ஐச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பதிலாக எண்ணப்பட்டு, எல்லாச் சதவீதமும் இறங்கும்.

பிறகு கிராஸ்டாப்ஸில் பாலினம் வரிசைக்கு, பதில் பத்திக்கு. செல்ஸ் பொத்தானில் கவுன்ட் (எண்ணிக்கை), ரோ (வரிசைச் சதவீதம்) இரண்டு மட்டும். எல்லாவற்றையும் டிக் செய்தால் ஒரே கட்டத்தில் நிறைய எண்கள் நெருக்கி நிற்கும், யாரும் படிக்கமாட்டார்கள்.

[திரையில்: பெண்கள் 120, திருப்தி 72, ஆண்கள் 80, திருப்தி 40]

இந்தக் கற்பனைத் தரவைப் பாருங்கள். வரிசைச் சதவீதத்தில் பெண்களில் 60, ஆண்களில் 50 சதவீதம் பேருக்குத் திருப்தி. பத்திச் சதவீதம் எடுத்தால், திருப்தியடைந்த 112 பேரில் 64 சதவீதம் பெண்கள். இரண்டும் சரிதான், ஆனால் கேள்வி வேறு. 'பெண்களில் 64 சதவீதம் பேருக்குத் திருப்தி' என்று அறிக்கையில் ஏறிவிடுவது இங்கேதான். யாரை ஒப்பிடுகிறீர்களோ, அந்தக் குழு ஒவ்வொன்றும் தனித்தனியாக 100 சதவீதம் ஆக வேண்டும்.

வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க, ஸ்டாடிஸ்டிக்ஸ் பொத்தானில் கை-ஸ்கொயர் சோதனை. இங்கே மதிப்பு 1.95, பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பு, ஏறக்குறைய 0.16. பத்து சதவீத இடைவெளி பெரிதாகத் தெரிந்தாலும், 200 பேரை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. எதிர்பார்ப்பு எண்ணிக்கை (வித்தியாசமே இல்லையென்றால் கட்டத்தில் வரவேண்டிய எண்) 5-க்குக் கீழே உள்ள கட்டங்கள் நிறைய இருந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அருகருகே உள்ள பதில்களைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

[திரையில்: டேட்டா, வெயிட் கேசஸ்]

பெரிய சிக்கல் வெயிட்டில், அதாவது ஒருவரின் பதிலை எத்தனை பேருக்குச் சமமாக எண்ணுவது என்று சொல்லும் எண்ணில். ஒவ்வொருவருக்கும் 100 என்று வெயிட் இருந்தால், பிஎஸ்பிபி 20,000 பேரைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்ளும். சதவீதம் மாறாது; கை-ஸ்கொயர் மட்டும் 195-க்குத் தாவும், உறுதியில்லாத வித்தியாசம் நிரூபணமானதுபோல் நிற்கும். வெயிட்டை அதன் சராசரியால் வகுத்தால் மொத்தம் மறுபடி 200 ஆகும், வீக்கம் வடியும். ஆனால் ஆளுக்கு ஆள் வெயிட் வெகுவாக மாறினாலோ, ஊர்வாரியாகக் கொத்துக்கொத்தாக ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தாலோ அதுவும் போதாது. அப்போது ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் 'சர்வே' என்ற தொகுப்பை நிறுவி, மாதிரி எடுத்த விதத்தை முதலில் அதற்குச் சொல்லிவிட்டு அட்டவணை போடுங்கள்.