கரும்பலகையில் மூன்று வரி

(ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில், பழைய மாணவர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், என்னோடு படித்து இன்று தலை நரைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும், வெயிலில் உட்கார வைக்கப்பட்டிருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வெயிலில் இருப்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

நான் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1981. ப்ளஸ் டூ முடித்தது 1988. இந்த ஏழு வருடத்தில் நான் முதல் ரேங்க் எடுத்ததில்லை, விளையாட்டில் கப் வாங்கியதில்லை. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலைதான். அலுவலக அறைக்கு வெளியே ஒரு சின்னக் கரும்பலகை இருந்தது, இப்போது அங்கே தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் நிற்கிறது. அதில் தினமும் ‘இன்றைய செய்தி’ என்று தலைப்புப் போட்டு மூன்று வரி எழுத வேண்டும். கையெழுத்து உருண்டையாக இருந்த ஒரே காரணத்தால் ஏழாம் வகுப்பில் அந்த வேலையை என் தலையில் கட்டினார் தமிழய்யா. ப்ளஸ் டூ வரை அது என்னை விடவில்லை.

காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற குரல் கேட்டதும் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அம்மா தாளிப்பதைக்கூட நிறுத்திவிடுவார். பத்து நிமிடத்தில் உலகம் முழுவதையும் கேட்டு, அதில் மூன்றை மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓட வேண்டும். நாளிதழ் எங்கள் ஊருக்கு வரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும்.

மூன்று வரிதான் இடம். அதனால் எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. தமிழய்யா ஒரு விதி சொல்லியிருந்தார்: ஒன்று ஊர், ஒன்று நாடு, ஒன்று உலகம். கிரிக்கெட் எதில் சேரும் என்று அவர் சொல்லவில்லை. 1983 ஜூன் 25, சனிக்கிழமை. லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 183 ரன்னில் ஆட்டமிழந்தது. டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார்கள். வர்ணனை கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் இந்தி. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் விக்கெட் விழுந்ததைக் கண்டுபிடிப்போம். வெஸ்ட் இண்டீஸ் 140. திங்கட்கிழமை நான் மூன்று வரியிலும் அதையே எழுதினேன். ஊர், நாடு, உலகம் எல்லாம் அன்று அதுதானே? தமிழய்யா காதைத் திருகினார். ஆனால் அழிக்கவில்லை.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை கடைசியில், நான் எழுதிய வரி இது: ‘கொழும்பில் கலவரம்.’

உங்களுக்குத் தெரியும், இங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். உயரமான கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினால் சென்னைத் தொலைக்காட்சி தெரியாது, இலங்கையின் ரூபவாஹினி தெரியும். சென்னையைவிடக் கொழும்பு எங்களுக்குப் பக்கம். ஆனால் அந்த ஜூலையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் தொடங்கிக் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கக் கடையடைப்பு. ஊர்வலத்தில் நாங்களும் போனோம், கறுப்புத் துணி குத்திக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டு. உண்மையைச் சொல்கிறேன், வகுப்பு இல்லை என்ற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

1984 ஜூனில், ஒன்பதாம் வகுப்பில், என் பெஞ்சில் ஒரு புதுப் பையன் வந்து உட்கார்ந்தான். மண்டபம் முகாமிலிருந்து வந்தவன். அந்த முகாமின் கதையே விசித்திரமானது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைக் கப்பலேற்றும் முன் நோய் பார்த்து நிறுத்திவைத்த இடம் அது. போகிறவர்களுக்காகக் கட்டியதில் வருகிறவர்கள் தங்கினார்கள். இவன் குடும்பம் கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தது. வீடு எரிந்த பிறகு கப்பலில் காங்கேசன்துறை போய், யாழ்ப்பாணத்தில் சில மாதம் இருந்து, படகில் ராமேஸ்வரம் வந்தார்கள். கையில் டி.சி. கிடையாது. மார்க் ஷீட் கிடையாது. ஒரு கணக்குக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லி, போட்டதும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவன் பேசுவதைக் கேட்க மற்ற வகுப்புப் பையன்களெல்லாம் வருவார்கள். நாங்கள் நோட்டு என்போம், அவன் கொப்பி என்பான். நாங்கள் சாக்பீஸ் என்போம், அவன் வெண்கட்டி என்பான். தமிழய்யாவுக்கு ஒரே பெருமை. ‘பார்த்தீங்களாடா, தமிழ் எங்கே இருக்குன்னு’ என்று எங்களைத் திட்டுவார். அவனுக்கு அது சங்கடமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சத்துணவை 15 வயது வரை கொடுக்க ஆரம்பித்தது அந்த வருடம்தான். எங்களோடு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பான். வரிசையில் நிற்கும்போது மட்டும் எதுவும் பேசமாட்டான்.

ஒருநாள் காலையில் நான் பலகையில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பெருமையாக, போன வருடம் உங்கள் ஊர் விஷயத்தையும் நான்தான் எழுதினேன் என்றேன். என்ன எழுதினாய் என்று கேட்டான். சொன்னேன்.

‘கலவரமெண்டா ரெண்டு பகுதியும் அடிபடோணும். நாங்கள் ஆரையும் அடிக்கேல்ல’ என்றான்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தப்பு இருந்தால் சொல்வானே, அந்த மாதிரி சொன்னான். அப்புறம் மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னான். வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது, எது தமிழர் வீடு என்று தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை என்றான். ரேடியோவில் கேட்டதை அப்படியே எழுதினால் என் வேலை முடிந்தது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லுக்கு ஆள் வந்து கணக்குக் கேட்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த அக்டோபர் 31 புதன்கிழமை. பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டது காலை 9.20 வாக்கில். ஆகாசவாணி மரணத்தை அறிவித்தது மாலை ஆறு மணிக்கு. நடுவில் இருந்த அந்த எட்டு மணி நேரத்தை இன்றைய பிள்ளைகளால் கற்பனை செய்யவே முடியாது. மதியத்துக்குள் யாரோ சிற்றலை வானொலியில் பிபிசி கேட்டுவிட்டு வந்து ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டார்கள். ஆசிரியர்கள் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை, ரேடியோ சொல்லாததை எப்படிச் சொல்வது? பள்ளியை முன்கூட்டியே விட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அவன் என்னைக் கேட்டான்: ‘இனி இஞ்ச ஆருக்கு அடி விழும்?’

எனக்குப் புரியவில்லை. எதற்கு அடி விழ வேண்டும்? இது இந்தியா, இங்கே அப்படியெல்லாம் நடக்காது என்று ரொம்பத் தைரியமாகச் சொன்னேன். ஊரில் எல்லாக் கடையும் சாத்திக்கொண்டிருந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு முகாமுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

நவம்பர் முதல் மூன்று நாட்களில் டெல்லியில் நடந்தது உங்களுக்குப் பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. எங்கள் வரலாற்றுப் பாடம் 1947-ல் கொடியேற்றத்தோடு முடிந்துவிடும், அதற்குமேல் இந்தியாவில் எதுவுமே நடக்காத மாதிரி. டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். அங்கேயும் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்று பிற்பாடு வந்த அறிக்கைகளில் படித்தபோது எனக்கு அந்த சைக்கிள் ஸ்டாண்ட்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

துக்க விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பலகைக்கு முன் நின்றேன். எங்கள் ஊருக்கு அந்த வாரத்துப் பெரிய செய்தி எம்.ஜி.ஆர். சிகிச்சைக்கு அமெரிக்கா போவதுதான். பெண்கள் கோயிலில் மண்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது முதல் வரி. ராஜீவ் காந்தி இரண்டாவது வரி. மூன்றாவதற்குக் காலையில் காதில் விழுந்திருந்த சொல் பழைய சொல்தான். ‘டெல்லியில் க’ என்று எழுதிவிட்டு நின்றேன். பின்னால் அவன் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன், அவன் இன்னும் வந்திருக்கவில்லை. ‘க’-வை விரலால் அழித்துவிட்டு ‘டெல்லியில் சீக்கியர்கள் மீது தாக்குதல்’ என்று எழுதினேன்.

பிரேயர் முடிந்ததும் தமிழய்யா வந்தார். ‘ரேடியோவில அப்படியாடா சொன்னாங்க?’ என்றார். இல்லை ஐயா என்றேன். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். போய்விட்டார். மத்தியானம் மணி அடித்ததும் அவரே டஸ்டரை எடுத்து மூன்று வரியையும் அழித்தார். வழக்கமாக மறுநாள் காலையில் நான்தான் அழிப்பேன். அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. அரசு ஊழியர், பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள். அரை நாள் விட்டுவைத்தாரே, அதையும் நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதத்தில் போபால். டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. வேதியியல் சார் அரையாண்டுத் தேர்வுக்கான பாடத்தை நிறுத்திவிட்டு அந்த வாயுவின் வாய்பாட்டைப் போர்டில் எழுதினார். எனக்குப் போபால் என்றால் ஓர் எண்தான் ஞாபகம் வரும். பலகையில் இறந்தவர்கள் எண்ணிக்கையை எழுதுவேன், மறுநாள் அது பொய்யாகிவிடும். அழித்துப் பெரிதாக்குவேன். அடுத்த நாள் இன்னும் பெரிது. வரியில் மற்றச் சொற்கள் அப்படியே இருக்கும், எண் மட்டும் அழிந்து அழிந்து அந்த இடமே வெள்ளையாகிவிட்டது. அரசு உடனடி மரணம் என்று ஒப்புக்கொண்டது 2,259. பிறகு மத்தியப் பிரதேச அரசு அதை 3,787 ஆக்கியது. அதற்குமேல் போனவர்கள் எத்தனையோ ஆயிரம். எங்கள் வீட்டு ரேடியோவில் ஓடியது எவரெடி பேட்டரி, ஒன்பதுக்குள் பூனை பாயுமே, அதுதான். அதைச் செய்ததும் அதே கம்பெனி என்று வேதியியல் சார் சொன்னபோது, நம்பாமல் வீட்டுக்குப் போய் பேட்டரியைக் கழற்றிப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தேன்.

எல்லாம் இப்படியே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது ஒரு வாரம் எல்லோரும் அவர் மாதிரி மிதந்து நடந்தோம். 1986 ஜனவரி 28 சேலஞ்சர் வெடித்தது. நம் நேரத்துக்கு இரவு பத்து மணி தாண்டி, கிளம்பிய 73-ஆவது விநாடியில். ஏழு பேரில் ஒருவர் பள்ளி ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப். ‘நம்ம கணக்கு சாரையும் அனுப்பலாம்டா’ என்று முந்தின வாரம் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் பலகையைப் படித்துவிட்டுக் கணக்கு சார் வகுப்பில் ஊசி விழும் சத்தம் கேட்கும்படி உட்கார்ந்திருந்தோம். அவர் பயந்துபோய், என்னடா ஆச்சு உங்களுக்கு என்றார். அந்த மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. விடியற்காலை நாலு மணிக்குப் படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு ஹாலி வால்நட்சத்திரம் பார்க்கப் போவோம். வாலைக் காணோம். அழுக்குப் பஞ்சு மாதிரி ஒன்று தெரிந்தது. அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். அடுத்து 2061-ல்தான் வரும் என்றதும், தனக்கு எத்தனை வயதாகும் என்று மணலில் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது. நாட்டுக்குத் திரும்பலாம் என்று முகாமில் பேச்சு எழுந்தது. அக்டோபரில் அங்கே மறுபடி சண்டை. அப்படியும் சிலர் கிளம்பினார்கள், அவன் அப்பாவும் அதில் ஒருவர். 1988 தொடக்கத்தில் கிளம்பினார்கள், ப்ளஸ் டூ தேர்வுக்குச் சில வாரமே இருந்தது. பரீட்சை முடிந்து போகலாமே என்று தலைமை ஆசிரியர் அவன் அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கப்பலில் பெயர் பதிந்தாகிவிட்டது என்றார் அவர்.

டி.சி. வாங்க நானும் அவனோடு அலுவலகத்துக்குப் போனேன். டி.சி. இல்லாமல் வந்தவன் டி.சி. வாங்கிக்கொண்டு போனான். பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற இடத்தில் கிளார்க் பேனாவை நிறுத்தி, என்னப்பா எழுதட்டும் என்று கேட்டார். அவன் யோசித்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எதற்கோ வரிசையில் நின்றார்கள். கிளார்க்குக்குப் பொறுமையில்லை. ‘சொந்த ஊர் செல்வதால்’ என்று அவரே எழுதி முத்திரை குத்திவிட்டார். வெளியே வந்து அதைப் படித்துப் பார்த்தவன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலப் பலகையில் மூன்று வரி எழுதினேன். அவை என்ன என்று ஞாபகமில்லை.