கெமிஸ்ட்ரி பிடித்த பிள்ளை கணக்கை விட்டுவிடக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

பியூசி, அதாவது பிளஸ் டூ, ரிசல்ட் வந்துவிட்டால் பெங்களூரில் நம் வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. சிஇடி நுழைவுத்தேர்வில் ரேங்க் எத்தனை, கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்குமா, பீஸ் எவ்வளவு. நடுவில் ஒரு பிள்ளை "எனக்கு கெமிஸ்ட்ரிதான் பிடிக்கும்" என்று வாயைத் திறந்தால், "அதைப் படிச்சு டீச்சர் வேலைக்கா போகப் போறே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். டீச்சர் வேலைக்கு என்ன குறைச்சல் என்பது தனிக் கதை. நான் வேதியியல் படித்தவன். இந்த ஊரில் மருந்து மூலக்கூறுகளை வடிவமைக்கும் ஒரு குழுவில் வேலை பார்க்கிறேன். என் மேஜையில் ஒரு சோதனைக் குழாய்கூடக் கிடையாது. இரண்டு திரை, ஒரு விசைப்பலகை. கம்ப்யூடேஷனல் கெமிஸ்ட்ரி, அதாவது கணினி வேதியியல், என் துறை.

அப்படி என்னதான் செய்கிறோம்? ஒரு தண்ணீர் மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், மொத்தம் 10 எலக்ட்ரான். மூன்று அணுக்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று நாலைந்து வரி எழுதிக் கணினியிடம் கொடுக்கிறோம். வேண்டுமென்றே கோணத்தை 90 டிகிரி என்று வையுங்கள். எலக்ட்ரான்கள் எப்படிப் பரவி நிற்கும் என்று அது கணக்குப் போடும். எந்தப் பக்கம் நகர்ந்தால் ஆற்றல் குறையும் என்று பார்த்து அணுக்களைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். மறுபடி கணக்கு, மறுபடி நகர்த்தல். சாதாரண லேப்டாப்பிலேயே சீக்கிரத்தில் 104 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஆய்வகத்தில் அளந்த கோணம் 104.5. அந்த எண்ணை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் தடவை இதைப் பார்க்கிற பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

சரி, இப்போது அதே மூலக்கூறை 180 டிகிரியில், நேர்கோடாக வைத்துக் கொடுங்கள். அது வளையாது, அப்படியே நிற்கும். இந்தப் பக்கம் வளைவதா, அந்தப் பக்கமா என்று முடிவு செய்யக் கணினிக்கு ஒரு காரணமும் இல்லை. எல்லாப் பக்கமும் இழுப்பு சமம். கணக்கு நல்லபடியாக முடிந்தது என்று திரையில் எழுதியும் விடும். நேர்கோட்டில் நிற்கிற தண்ணீர் மூலக்கூறு கிடையாது என்று பியூசி பிள்ளைக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. சந்தேகம் வந்து, மூலக்கூறு அதிரும் அதிர்வெண்களைக் கணக்கிடு என்று சொன்னால்தான் குட்டு வெளிப்படும். அவற்றில் சில கற்பனை எண்களாக வரும். ஆற்றல் குறைந்த இடத்தில் இது நிற்கவில்லை என்று அதற்கு அர்த்தம். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தச் சந்தேகப் புத்திக்குத்தான் என்பேன்.

வேதியியலுக்கு வேண்டிய இயற்பியல் விதிகள் தெரிந்தாகிவிட்டன, அவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் முடியாத காரியம் என்று இயற்பியலாளர் பால் டிராக் 1929-லேயே எழுதிவிட்டார். தோராயமாகவாவது தீர்க்கலாமே என்று வழி கண்டவர்களில் இரண்டு பேருக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வால்டர் கோன் இயற்பியல்காரர், ஜான் போப்பிள் கணிதம் படித்தவர். கெமிஸ்ட்ரி என்றால் மனப்பாடம் என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

தோராயம் என்றால் எவ்வளவு தோராயம்? இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளின் மொத்த ஆற்றல், மோல் கணக்கில், சுமார் 96,000 கிலோகலோரி. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்போ வெறும் 5. யஷ்வந்தபுரம் மார்க்கெட்டுக்கு வரும் 20 டன் வெங்காய லாரியை எடைமேடையில் இரண்டு தரம் நிறுத்தி, நடுவில் யாரோ எடுத்துக்கொண்டு போன ஒரு கிலோவைக் கண்டுபிடிக்கிற மாதிரி வேலை. எடைமேடை இரண்டு தரமும் ஒரே மாதிரி தப்பு செய்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் அவ்வளவுதான். ரொம்ப நம்பகமான முறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றில், மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிதானால் கணக்கு 128 மடங்கு பெருகும். அதனால்தான் ஐஐஎஸ்சி என்கிற இந்திய அறிவியல் கழகத்தில், நம் பஸ் கண்டக்டர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று கூப்பிடுகிற அதே இடத்தில், 2022-இல் பரம் பிரவேகா என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நிறுவினார்கள். நொடிக்கு 3,300 லட்சம் கோடிக் கணக்குகள் அதன் உச்ச வேகம். அதுவும் பத்தாது! புரதம் மாதிரி பெரிய சமாசாரம் என்றால் எலக்ட்ரான்களை மறந்துவிட்டு, அணுக்களின் ஓட்டத்தை மட்டும் பார்க்கிறோம். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேர ஓட்டத்தைப் பார்க்க 50 கோடித் தப்படி கணக்குப் போட வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் செய்கிற வேலை என்று நினைப்பவர்களுக்கு நம் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1963-இல், ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், எவற்றில் மோதாது? இவ்வளவுதான் கேள்வி. மேஜைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோணமாகத் தூரங்களைக் கணக்கிட்டார்கள். வரைபடத்தில் பெரும்பகுதி, இயற்கைக்கே அனுமதி இல்லாத இடம் என்று தெரிந்தது. பின்னால் அவர் பெங்களூருக்கு வந்து ஐஐஎஸ்சியில் மூலக்கூறு உயிரி இயற்பியல் துறையைத் தொடங்கினார். இன்றைக்கும் உலகில் எங்கே புதுப் புரத அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இப்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: "ஏஐ வந்துடுச்சே சார், இதுக்கு மேல இந்தத் துறையில என்ன இருக்கு?" 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபலில் பாதி, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐயை உருவாக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தை அது கணித்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அது கற்றுக்கொண்டது எதிலிருந்து? 1971-இலிருந்து ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அளந்து பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்த அமைப்புகளிலிருந்து. பாடம் இல்லாத இடத்தில் அதுவும் திணறும். புதிய வினையூக்கி, புதிய பேட்டரிப் பொருள், யாரும் செய்து பார்க்காத வினை என்று வரும்போது, கணக்குப் போட்டுத் தரவை உண்டாக்கிக் கொடுக்கிற ஆளைத்தான் தேடுகிறார்கள். எந்தத் தரவு நம்பத்தக்கது என்று சொல்லவும் அதே ஆள்தான் வேண்டும். என்னைக் கேட்டால் வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

வழி என்ன? முதலில், கணக்கை விடாதீர்கள். கெமிஸ்ட்ரி பிடிக்கும், கணக்கு கொஞ்சம் பயம் என்று பி.எஸ்ஸியில் சி.பி.இசட். எடுத்துக்கொண்டு தாவரவியல், விலங்கியல் பக்கம் போய்விடுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். நல்ல படிப்புதான். ஆனால் மூன்று வருடம் கழித்து இந்தத் துறைக்கு வர ஆசைப்பட்டால், அணிகளும் வகைக்கெழுவும் மறந்துபோயிருக்கும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் அதை எடுங்கள். பியூசி முடித்த கையோடு ஐஐஎஸ்சியில் நான்கு வருட ஆராய்ச்சிப் பட்டப்படிப்பில் சேரலாம். பி.எஸ்ஸிக்குப் பிறகு எம்.எஸ்ஸி சேர ஜாம் தேர்வு, எம்.எஸ்ஸிக்குப் பிறகு ஆராய்ச்சிக்குச் சேர கேட் அல்லது நெட் தேர்வு.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் மத்திய அரசின் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டம் வாங்க ஐந்து வருடமாவது ஆகும். அதற்குள் கூடப் படித்தவன் ஐடி கம்பெனியில் சேர்ந்து வீட்டுக்கு முன்பணம் கட்டியிருப்பான். அந்த ஐந்து வருடம் வீட்டில் பேச்சு வாங்கத் தயாராக இருக்க வேண்டும். அம்மா அப்பா துணை நின்றால் பாதிப் பாரம் குறைந்த மாதிரி.

ஆரம்பிக்கக் காசு வேண்டாம். அவகாட்ரோ என்ற மென்பொருளில் மூலக்கூறை வரையலாம். சை4 என்ற மென்பொருளில் நான் சொன்ன தண்ணீர்க் கணக்கைப் போடலாம். குரோமாக்ஸில் புரதத்தை ஓடவிட்டுப் பார்க்கலாம். மூன்றும் இலவசம். லினக்ஸும் கொஞ்சம் பைத்தானும் பழகிக்கொள்ளுங்கள். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் குவாண்டம் வேதியியல் பாடங்கள் ஐஐடி ஆசிரியர்களுடையதே இருக்கின்றன.

இன்னொன்று. ஐஐஎஸ்சி வருடத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும், கட்டணம் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் ரோபோ இருக்கிற பக்கம்தான் நெருக்கும். வேதியியல் துறைகளில் நின்றுகொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவர்களிடம் போய், "உங்க கணக்கு கடைசியா எப்போ தப்பா வந்துச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். சீக்கிரம் விடமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது.

வணக்கம்.