ஆறு மாதக் கெடு

நேயர்களுக்கு வணக்கம். இடைத்தேர்தல் என்றவுடன் அமைச்சர்கள் தெருத்தெருவாக முகாமிடுவதும், பறக்கும் படையினர் வாகனங்களை மறித்துச் சோதனையிடுவதும், முடிவு வந்தபின் ஆளுங்கட்சியின் செல்வாக்கை எடைபோடுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்திருப்பது அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி. உறுப்பினர் இல்லாமல் ஒரு தொகுதி காத்திருக்கும் நாட்களைப் பற்றி.

காலியான இடத்தை ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1996இல்தான் இப்பிரிவு சேர்க்கப்பட்டது. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, குறித்த காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலோ அந்தக் கட்டாயம் இல்லை.

இந்தக் கெடு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஈரோடு கிழக்குத் தொகுதி உறுப்பினர் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று காலமானார். பிப்ரவரி 27 அன்று, அதாவது 54ஆம் நாளில், வாக்குப்பதிவே நடந்துவிட்டது. களத்தில் 77 வேட்பாளர்கள். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் இருந்திருக்கிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்கள் உள்ள பெட்டியான ஒரு பேலட் யூனிட்டில் 16 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு. நோட்டாவையும் சேர்த்தால் 78 பொத்தான்கள் என்பதால், அங்கே மறைவுத் தடுப்புக்குள் ஐந்து யூனிட்டுகளை வரிசையாக வைக்க வேண்டியதாயிற்று. தம் சின்னம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு முதியவர் குனிந்து குனிந்து தேடும்போது, உள்ளே போய்க் காட்டித்தரவும் முடியாமல், பின்னால் நீளும் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அலுவலரின் தவிப்பை அனுபவித்தவர்களே அறிவர்.

ஆர்.கே. நகரின் கதை வேறு. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த தேர்தலை, பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி, சில நாட்களுக்கு முன்னர் ஆணையம் ரத்து செய்தது. மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது டிசம்பர் 21 அன்று. ரத்து செய்ததில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமன்றி, இரண்டுமில்லாத வாக்காளருக்கும் சேர்த்தே ஓராண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் போனது.

திருவொற்றியூரும் குடியாத்தமும் அதைவிடப் பொறுமை காத்தவை. 2020 பிப்ரவரி இறுதியில், அடுத்தடுத்த நாட்களில், இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் காலமானார்கள். பின்னாலேயே கொரோனா வந்தது. 2021 பொதுத்தேர்தல் வரை இரண்டு இடங்களும் நிரப்பப்படவே இல்லை.

உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் பணியில் இருந்தபோது, பள்ளியின் சுற்றுச்சுவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கொடுப்பதற்குள் உறுப்பினர் காலமாகிவிட்டார். பெறுநர் பெயரை மாற்றி எழுதும் நாள் வரும்வரை அக்கடிதம் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது; இடிந்த சுவர் வழியே ஆடுகள் வந்துபோயின.

மீண்டும் ஈரோட்டுக்கே வருகிறேன். மகன் திருமகன் ஈவெராவின் இடத்தில் வென்ற ஈ.வெ.கி.ச. இளங்கோவனும் 2024 டிசம்பர் 14 அன்று காலமானார். 2025 பிப்ரவரி 5 அன்று அதே தொகுதி மறுபடியும் வாக்களித்தது. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் புறக்கணித்த அத்தேர்தலில் தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமார் வென்றார், 2011இல் தே.மு.தி.க. சார்பில் இதே தொகுதியில் வென்றவர்தான் அவர். இவ்வாறு ஒரே சட்டமன்றக் காலத்தில் ஈரோடு கிழக்கு மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாமவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள். அந்த இடம் இன்னும் ஐந்து மாதம் தள்ளிக் காலியாகியிருந்தால், சட்டப்படி இடைத்தேர்தலே கட்டாயமாக இருந்திருக்காது.