அந்த 6 மணி நேரத்தை யார் சொல்லித் தருவது?

நடுவர் அவர்களே, வந்திருக்கும் எங்கள் மதுரை மக்களே, எல்லாருக்கும் வணக்கம். கல்லூரிச் சேவை மன்றங்களால் ஊருக்குப் பெரிதும் பயன் தருவது நேரடி உதவியா, விழிப்புணர்வா என்பது இன்றைய தலைப்பு. விழிப்புணர்வே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், பெரியார் பஸ் ஸ்டாண்டில் பதாகை பிடித்து நிற்கிற செலவில் நாலு பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டார். கொடுக்கலாம் அண்ணே, கொடுக்கவும் வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்கவே முடியாத உதவிகள் இருக்கின்றனவே, அங்கே என்ன செய்வீர்கள்?

கண் தானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் விடியற்காலையில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், பந்தலுக்கு ஆள் பார்க்க வேண்டும், வந்தவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பார்கள், அந்த அமளியில் யாராவது ஒருவர் கண் வங்கிக்கு போன் போட்டுவிட்டு, ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையணை கொடுத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான். கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து சுமார் இருபது நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுவார்கள், முகத்தில் விகாரம் எதுவும் தெரியாது, பைசா செலவு இல்லை. நமக்கு வசதிக்கா குறை? டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது, அங்கே கண் வங்கியும் இருக்கிறது. குறை, அந்த போனைப் போட வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் துக்க வீட்டில் இல்லாததுதான். அந்த ஆளை எந்த உண்டியல் காசு கொண்டுவரும்?

அதுவும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இறந்தவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அன்றைக்கு வீட்டார் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். ஆகவே குடும்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் மாணவர்கள் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி முகாம் நடத்துகிறார்கள். நான் போன முகாமில் தெருக் கூட்டினோம், மரக்கன்று நட்டோம், சரி. அதைவிட, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சுத்தான் பெரிய வேலை என்பேன். ஒரு அப்பத்தா கேட்டார், "கண்ணு இல்லாமப் போனா அடுத்த பிறப்புல குருடாப் பொறப்பேனே தாயி?" என் தோழி சொன்னாள், "அப்பத்தா, கண்ணப்ப நாயனார் சாமிக்கே கண்ணைக் கொடுத்தாரு, சாமி அவரைக் குருடாவா விட்டுச்சு?" அப்பத்தா விடவில்லை. "நான் புரை அறுத்தவ, இந்தக் கண்ணை யாரு வாங்குவா?" வாங்குவார்கள். புரை வருவது உள்ளே இருக்கிற லென்ஸில், அடுத்தவருக்குப் பொருத்துவது முன்னால் இருக்கிற கருவிழியை. சர்க்கரை, பிரஷர் இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும் கொடுக்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எந்தப் பதாகையிலும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் கேள்வியே வெளியே வரும்.

வெறும் ஊர்வலம் போதாது என்று எதிரணி சொல்வதை நான் மறுக்கவில்லை. கோஷம் போட்டுவிட்டுப் படம் எடுத்துக் கலைந்தால் அது பாதி வேலைதான். அதற்காக வேலையையே விடச் சொல்வது நியாயமா?

ரத்த தானம் நேரடி உதவிதானே என்பீர்கள். நேரடி உதவிதான். ஆனால் 18 வயது ஆகி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல ஆரோக்கியமும் இருந்தால் கொடுக்கலாம், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம் என்று ஹாஸ்டலில் யாரோ சொன்ன பிறகுதானே ஒரு பையன் பயம் விட்டு ரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்தான்? ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களைச் சுமார் 5 நாள்தான் வைத்திருக்க முடியும், அதனால் ஒருநாள் முகாமில் குவிந்தால் போதாது, வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது, மனசு நிறைந்த அறிவிப்பு. ஆனால் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனுக்காக ஐசியூ வாசலில் நிற்கிற ஒரு தாயிடம், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சம்மதத்தைக் கேட்கிறார்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அதற்கு முன்னால் கேள்வியே படாத அம்மா எப்படி அண்ணே தலையசைப்பார்? அவர் ஊருக்கு, அவர் வாசலுக்கு, அந்த நாள் வருவதற்கு முன்பே யார் போய் இதைச் சொல்வது? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.