சட்டை அணிந்த காட்டெருமை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புரவலர் ஐயா அவர்களே, பேச நேரம் குறைவு என்று சீட்டு அனுப்பிய அன்பு நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டின் தென்பகுதியில், அபோமே நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட தகோமே அரசைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன்: மன்னர்களின் விலங்குச் சின்னங்கள், அவற்றின் பின்னுள்ள கதைகள், துணிகளில் அவற்றை வெட்டி ஒட்டித் தைத்த கைவினைக் குடும்பங்கள்.

அங்கே கிளேலே மன்னனுக்குச் சிங்கம்; அவன் மகன் பெகான்சினுக்குச் சுறா. 1740 முதல் 1774 வரை ஆண்ட தெக்பேசுவுக்கோ சட்டை அணிந்த காட்டெருமை! அரண்மனைச் சுவரின் மண் புடைப்புச் சிற்பத்தில் அதைக் கண்டால் சிரிப்பு வரும். கதையைக் கேட்டால் வராது. தெக்பேசு அரியணை ஏறுவது பிடிக்காத பங்காளிகள், முடிசூட்டுக்கு அவன் அணிய வேண்டிய சட்டைக்குள் அரிப்பெடுக்கும் இலைகளை வைத்துவிட்டார்களாம். சட்டையைக் கழற்றினால் அரியணை போய்விடும். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, உடம்பெல்லாம் நெருப்பாய் எரிகிறது, அவனோ முகம் சுளிக்காமல் சடங்கு முடியும்வரை நின்றான். சட்டை போட்ட எருமையிடமிருந்து அதைக் கழற்றுவது எளிதா என்பதே அந்தச் சின்னத்தின் பொருள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதைத்தானே! அந்தப் பொறுமைசாலியின் கருவூலம் அடிமை வணிகத்தால் நிறைந்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

பெகான்சினின் சுறா, கடல்வழி வந்த பிரெஞ்சுக்காரருக்கு விடுத்த அறைகூவல். செதில்கள் செதுக்கிய சுறா உடலை மனிதக் கால்கள் தாங்கி நிற்கும் அவனது மரச்சிலையை, 1892இல் அபோமேயைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி தோட்ஸின் படை கொண்டுபோயிற்று. மன்னன் நாடு கடத்தப்பட்டு 1906இல் அல்ஜியர்சில் இறந்தான். சிலையோ, அரியணைகளும் அரண்மனைக் கதவுகளும் உள்ளிட்ட 26 பொருள்களில் ஒன்றாக 2021 நவம்பரில் ஊர் திரும்பியது. பொறுத்தார் பூமி ஆள்வார். ஆனால் 129 ஆண்டுப் பொறுமையைக் கேட்க எவருக்கு உரிமை?

தையல் கலைஞர்களைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் பொறுத்தருள வேண்டும். பழைய இரும்புத் துண்டுகளால் ஆன, தகோமேயின் போர்த்தெய்வமான கூவின் சிலை இன்னமும் பாரிசில் இருக்கிறது. அதையும் பெனினுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த அவையில் முன்மொழிகிறேன். புரவலர் ஐயா வழிமொழிய வேண்டுகிறேன்.