ஏஜென்ட்டிடம் கோர்ஸ் ஒதுக்கச் சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது?

(திரையில்: சாட் பெட்டி. ஒரு வரி தட்டச்சாகிறது.)

"சப்போர்ட் டீம்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு டேட்டா பாதுகாப்பு கோர்ஸைப் போட்டுவிடு. வெள்ளிக்குள்ள முடிக்கணும்."

இப்படி ஒரு வரி எழுதுகிறோம். கொஞ்ச நேரத்தில் ஏஜென்ட், அதாவது நம் சார்பில் வேலை செய்யும் ஏஐ உதவியாளர், "ஒதுக்கியாச்சு" என்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இந்த வீடியோவில் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்று. ஏஜென்ட்டின் மூளையான ஏஐ மாடல் தானாகப் போய் யாரையும் எந்தக் கோர்ஸிலும் சேர்ப்பதில்லை. "இந்த டூலை, இந்த விவரங்களோடு கூப்பிடுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை வாங்கி வேலையை முடிப்பது நாம் எழுதிய புரோகிராம். டூலும் பெரிய மர்மம் இல்லை. அதற்கு ஒரு பெயர், என்ன செய்யும் என்று நாலு வரி விளக்கம், என்னென்ன விவரம் வேண்டும் என்ற பட்டியல்.

(திரையில்: சீட்டு. பயனர் எண் 418, கோர்ஸ் எண் 27.)

நாம் எந்த எண்ணும் சொல்லவில்லையே, இது எங்கிருந்து வந்தது? அதற்காகவே ஆளைத் தேட ஒரு டூல், கோர்ஸைத் தேட ஒரு டூல் தனியாக இருக்கின்றன. ஒதுக்கும் டூல் பெயரை வாங்கவே கூடாது. கார்த்திக் என்று தேடினால் மூன்று பேர் வருவார்கள். ஒருவருக்கு மேல் வந்தால் எந்தக் கார்த்திக் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதைத் தேடும் டூலின் விளக்கத்திலேயே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால், பட்டியலில் முதலில் நிற்கும் கார்த்திக் தலையில் கோர்ஸ் விழும்.

சரி, நிஜமான ஒரு சிஸ்டத்துக்கு வருவோம். மூடுல், 2002 முதல் புழக்கத்தில் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் பயிற்சித் தளம். வெளியிலிருந்து ஆட்களைச் சேர்க்க அதில் ஒரு வெப் சர்வீஸ் ஃபங்ஷன், அதாவது வேறொரு புரோகிராம் நெட் வழியாகக் கூப்பிடக்கூடிய கட்டளை, இருக்கிறது. அது கட்டாயமாகக் கேட்பது மூன்றே எண்கள்: ரோல் (கோர்ஸில் அவர் மாணவரா ஆசிரியரா என்பது), பயனர், கோர்ஸ்.

(திரையில்: ரோல் எண் பெரிதாகிறது.)

இங்கேதான் கவனம் வேண்டும். வழக்கமான இன்ஸ்டாலேஷனில் மாணவர் ரோல் 5. பாடத்தைத் திருத்தும் உரிமையுள்ள ஆசிரியர் ரோல் 3. மாடல் 5 எழுத வேண்டிய இடத்தில் 3 எழுதிவிட்டால், நாம் கொடுத்த டோக்கனுக்கு (மூடுலுக்குள் நுழைய புரோகிராம் காட்டும் சாவி) அதிகாரம் இருக்கும் பட்சத்தில் எர்ரர்கூட வராது. நேற்று சேர்ந்தவர் தேர்வு எழுதுவதற்குப் பதிலாக வினாத்தாளையே திருத்தலாம்! ஆகவே ரோலை மாடலிடம் விடாதீர்கள். உங்கள் தளத்தில் மாணவருக்கு என்ன எண் என்று பார்த்து, அதைப் புரோகிராமிலேயே எழுதிவிடுங்கள்.

அதே ஃபங்ஷனில் 'டைம்எண்ட்' என்று விருப்பத்துக்குரிய ஒரு விவரமும் உண்டு. பார்த்தால் கெடு தேதி மாதிரி இருக்கும். மாடலும் அப்படித்தான் நினைக்கும். உண்மையில் அது சேர்க்கையே காலாவதியாகும் நேரம். வெள்ளிக்கிழமையை அங்கே போட்டால், பாதியில் விட்டவர் சனிக்கிழமை மீதியை முடிக்க வந்தாலும் கதவு சாத்தியிருக்கும். கெடுவுக்குத் தனி இடம், நினைவூட்டலுக்குத் தனி வழி வேண்டும்.

அப்புறம், எந்த வெள்ளி? இன்று என்ன தேதி என்பது மாடலுக்குத் தெரியாது. ஒவ்வொரு உரையாடலிலும் நாம்தான் சொல்ல வேண்டும்.

நெட் அறுந்து ஏஜென்ட் இரண்டாம் முறை முயன்றால், டூல் "ஏற்கனவே சேர்ந்திருக்கிறார்" என்று பதில் சொன்னால் போதும். ஒரே ஆளுக்கு இரண்டு வரவேற்பு மெயில் போகக் கூடாது.

கடைசியாக, உறுதிப்படுத்தும் பட்டன். "ஒதுக்கும் முன் கேள்" என்று மாடலிடம் சொல்லிவைப்பதை நான் நம்ப மாட்டேன். சில சமயம் மறந்துவிடும். மனிதர் பட்டனை அழுத்தாதவரை புரோகிராம் அந்தச் சீட்டை நகர்த்தவே கூடாது.

(திரையில்: "டேட்டா பாதுகாப்பு, 12 பேர். ஒதுக்கலாமா?")

பன்னிரண்டா? புதிதாக வந்தவர்கள் மூன்று பேர்தானே! பட்டியலை விரித்துப் பார்த்தால், "புதுசா" என்பதை ஏஜென்ட் இந்த வருடம் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ரத்து செய்துவிட்டு, "இந்த மாசம் சேர்ந்தவங்க மட்டும்" என்று எழுதுகிறோம்.

(திரையில்: "டேட்டா பாதுகாப்பு, 3 பேர். ஒதுக்கலாமா?" கர்சர் பட்டனை நோக்கி நகர்கிறது.)